தறிக்கு நாலு பேர், பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தி

அன்புள்ள அம்மணி,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்ததால் பாதிதான் காதில் விழுந்தது, மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். திருப்பிப் போன் போடலாமென்றால் இந்தப் பக்கமும் தறி. ரெண்டு பேரும் கத்திக்கொண்டிருப்போம். சோமனூர்க்காரர்கள் சாதாரணமாகப் பேசினாலே வெளியூர்க்காரர்களுக்குச் சண்டை போடுகிற மாதிரி கேட்பதற்கு இதுதான் காரணம். நிதானமாகச் சொல்ல வேண்டிய சங்கதி என்பதால் எழுதுகிறேன்.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். ஜூனில் பாப்பாவை எந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ப்பது? பனியன் கம்பெனி வேலையை விட்டுவிடலாமா? இனி வருஷா வருஷம் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் எப்படிச் சேர்த்து ஓட்டுவது? கடைசிக் கேள்விதான் பெரியது. அது பிடிபட்டால் மற்ற ரெண்டும் தானாக வழிக்கு வரும்.

உன் வீட்டில் இன்றைக்கு ஒரு காரியம் செய்து பார். மூன்றாம் தறியில் பாவு நூல் இன்னும் எத்தனை மீட்டர் பாக்கி என்று யாரிடமாவது கேள். மாமனார் சொல்வார், மாப்பிள்ளை சொல்வார், கொழுந்தன் சொல்வான், அடுப்படியிலிருந்து உன் மாமியாரும் சொல்வார். அடுத்த பாவு சைசிங்கிலிருந்து என்றைக்கு வரும், பிணைக்கிற ஆளுக்குச் சொல்லியாச்சா, ஊடை நூல் எத்தனை மூட்டை இருக்கிறது, ராத்திரி எந்தத் தறியில் நாடா தெறித்தது எல்லாமே நாலு பேருக்கும் தெரிந்திருக்கும். ஒருத்தர் மறந்தால் இன்னொருத்தர் எடுத்துக்கொடுப்பார்.

இப்போது வேறொன்று கேள். பால்வாடியில் பாப்பாவின் டீச்சர் பேர் என்ன? கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டோம்? காலில் இருக்கிற செருப்பு என்ன அளவு? உன் மாமனாருக்கு, விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023 மார்ச்சில் 1000 யூனிட் ஆனது தேதியோடு நினைவிருக்கும். பேத்தியின் செருப்பு அளவு இருக்காது. அவர் மேல் குற்றம் சொல்லவில்லை. அவருக்குப் பாப்பா என்றால் உயிர். ஆனால் தறி குடும்பத்துக்குப் பொது, பிள்ளையின் படிப்பு அம்மாவுக்குத் தனி என்று எப்போதோ பிரித்துவிட்டார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதனால் யாரும் மாற்றவும் இல்லை. அந்தப் பிரிவினையை இந்த ஜூனிலேயே கலைத்துவிடு என்பதுதான் நான் சொல்ல வருவது. மற்றதெல்லாம் அதற்கு வழி.

ஒன்றாம் வகுப்பிலேயே கலைக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு வரை நீயே பார்த்துவிட்டால் அப்புறம் அது உன் வேலையாகக் கெட்டிப்பட்டுவிடும். "அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று பெருமையாக ஒரு பட்டம் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டத்தை மட்டும் வாங்காதே.

தறிக் குடோனில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறதல்லவா, பாவு வந்த தேதி, பீஸ் போன தேதி எல்லாம் எழுதுகிற நோட்டு? அதே ஆணியில் ஒரு மாதக் காலண்டரை மாட்டு. அடுப்படியில் மாட்டினால் நீ மட்டும்தான் பார்ப்பாய். பள்ளியில் விடுமுறை, பெற்றோர் கூட்டம், போட்டோ கேட்ட தேதி, மாறுவேடப் போட்டி எல்லாவற்றையும் அதில் பெரிய எழுத்தில் எழுது. ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும்போது கணக்குப் பார்க்க எல்லாரும் உட்கார்வார்கள். அப்போது பாவுக் கணக்கோடு சேர்த்து அதையும் ஒரு தடவை வாசிக்கச் சொல். நீ வாசிக்காதே, மாப்பிள்ளை வாசிக்கட்டும். வாய்விட்டு வாசித்தால்தான் மனசில் நிற்கும்.

அப்புறம், ஒரு வேலையை முழுசாக ஒப்படை. "கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று பாதி வேலை கொடுத்தால் மீதிப் பாதி உன் தலையிலேயே இருக்கும். சீருடையும் ஷூவும் மாப்பிள்ளை பொறுப்பு என்றால் வாங்குவது, துவைப்பது, பட்டன் போனால் தைப்பது, ஷூ கடிக்கிறதா என்று பார்ப்பது, நாளைக்கு எது காய்ந்திருக்கிறது என்று ராத்திரி யோசிப்பது எல்லாமே அவர்தான். ஒருநாள் மறந்துபோய்ப் பாப்பா கலர் டிரஸ்ஸில் போனால் போகட்டும். டீச்சர் கேட்பார், அவர் பதில் சொல்வார். நீ குறுக்கே விழுந்து இஸ்திரி போடாதே. பாவு பிணைக்க மறந்தால் தறி நிற்கும் என்று தெரிந்ததால்தானே யாரும் அதை மறப்பதில்லை? மறந்தால் நஷ்டம் வரும் என்று தெரிகிற வரைக்கும் யாரும் எதையும் நினைவில் வைப்பதில்லை.

இது உன் வீட்டுக் கதை மட்டுமல்ல. மத்திய அரசு, மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. 2019-ல் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்களில் பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97 நிமிஷம் போனது. 2024-ல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. நாட்டில் இத்தனை மாற்றம் நடந்தும் இடைவெளி மட்டும் இருநூறு நிமிஷத்துக்குக் குறையவே இல்லை. இதுகூட செய்கிற வேலையின் கணக்குதான். பஸ்ஸில் நின்றுகொண்டே "நாளைக்கு வெள்ளிக்கிழமை, வெள்ளை ஷூ" என்று மனசுக்குள் ஓட்டுகிறாயே, அதற்கு நிமிஷக் கணக்கு எடுக்க ஆளில்லை.

காலை நேரத்தைப் பற்றி நீ ரொம்பப் பயப்படுகிறாய். ஐந்தரைக்கு எழுந்து, எட்டுக்குள் சமையல், துணி, பாப்பா, உன் டிபன் பாக்ஸ், அப்புறம் திருப்பூர் பஸ். சமையலில் நீ கெட்டிக்காரி என்று காட்ட வேண்டிய இடம் இதுவல்ல. வாரத்தில் ரெண்டு நாள் அரிசிபருப்புச் சாதம் வை, யாரும் குறை சொல்ல முடியாது. ரெண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. நல்லெண்ணெயில் கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், பூண்டு, அப்புறம் சின்ன வெங்காயம். வெங்காயத்தை மட்டும் அரியாமல் முழுசாகவே போடு, நேரமும் மிச்சம், ருசியும் கூடும். தக்காளி வதங்கியதும் மஞ்சள்தூள், உப்பு, தண்ணீர், குக்கரில் மூன்று விசில். பாப்பா பாக்ஸுக்கு மிளகாயை எடுத்துவிட்டு மேலே நெய் ஒரு சொட்டு. நம்ம பக்கத்து அம்மாக்கள் தறிக்கும் காட்டுக்கும் போக வேண்டிய அவசரத்திலேயே பழக்கப்படுத்திய சாப்பாடு இது. இப்போது ஓட்டல்காரர்கள் கொங்கு ஸ்பெஷல் என்று பலகை எழுதி விற்கிறார்கள்.

காலைச் சாப்பாடு என்றதும் பள்ளிக்கூடக் கேள்விக்கு வந்துவிட்டோம்.

எனக்குப் பிடித்தது, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற அரசுத் தொடக்கப் பள்ளி. உன் மாமியார் முகம் சுளிப்பார், தெரியும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பார். காலையில் மஞ்சள் வேன் வந்து நின்றால்தான் வீதியில் மரியாதை என்று ஒரு நினைப்பு நம் ஊரில் ஊறிவிட்டது. ஆனால் கணக்காகப் பார். முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்ட் 25-லிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகப் போடுகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டில் வாரம் ஐந்து நாள் முட்டை. காமராஜர் 1956-ல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்தது, இன்றைக்குக் காலை வரைக்கும் வந்திருக்கிறது. ஏழைக்குப் போடுகிற சோறு என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அதை, காலை ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்கிற ஒருத்திக்கு அரசாங்கம் திருப்பிக் கொடுத்த அரைமணி நேரமாகப் பார்க்கிறேன்.

புத்தகம், நோட்டு, பை, காலணி, நாலு செட் சீருடை எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தச் சீருடைத் துணியை நம் மாநிலத்துக் கூட்டுறவுச் சங்கத் தறிகளில்தான் நெய்கிறார்கள். 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் என்று சின்ன வகுப்புகளுக்குத் தனிப் பாடமுறை வைத்திருக்கிறார்கள். ஆட்டமும் பாட்டும் அட்டையுமாக நடக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய். அது வெகுதூரத்துச் சங்கதி, இருந்தாலும் காதில் போட்டு வை.

தனியார் பள்ளியே வேண்டும் என்று வீட்டில் முடிவானால் நான் தடுக்க மாட்டேன். நல்ல பள்ளிகளும் உண்டு. கட்டணத்தைப் பார்க்கும்போது ஒன்றே ஒன்று மட்டும் கேள்: தறி நின்ற மாசத்திலும் இதைக் கட்ட முடியுமா? ஓடுகிற மாசத்தை வைத்துக் கணக்குப் போடாதே.

நீ காரமடைப் பக்கம் காட்டு வேலை செய்கிற வீட்டில் வளர்ந்தவள். மழை வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், தறி நின்றால் என்ன ஆகும் என்று இனிமேல்தான் முழுசாகத் தெரியும். கூலி நெசவில் பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது. நாம் காடாத் துணியாக நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். நூல் விலையும் துணி விலையும் நம் கையில் இல்லை, கூலியையும் பேசிப் பேசித்தான் வாங்க வேண்டும். 2014 கூலி ஒப்பந்தத்துக்குப் பிறகு பல வருஷம் கூலி ஏறவே இல்லை. 2021 நவம்பர் 24-ல் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பல்லடம் ரகத்துக்கு 20 சதவீதம் என்று பேசி முடித்தார்கள். பேசியது கைக்கு வரவில்லை. 2022 ஜனவரி 9-ல் தறிகளை நிறுத்தினார்கள், ஒரு மாசத்துக்கு மேல் நின்றது. அப்புறம் 2025-ல் மறுபடியும்.

அந்த 2025 உனக்கும் நினைவிருக்கும், ஆனால் பாப்பா அப்போது சின்னது. மார்ச் 19-ல் தறி நின்றது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 28-ல் தொடங்கி ஏப்ரல் 15 வரை நடந்தது. கருமத்தம்பட்டியில் அப்பாக்கள் உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு பரீட்சைக்குப் போனார்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில்தான் சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், பல்லடம் ரகத்துக்கு 10 சதவீதம் என்று முடிவாகி ஓட ஆரம்பித்தது. அதாவது பரீட்சை முடிகிற வரைக்கும் எங்கள் வீதி அமைதி. பிள்ளைகள் நிம்மதியாகப் படித்திருப்பார்கள் என்று நினைப்பாய். எதிர்வீட்டுப் பையனுக்குத் தூக்கமே வரவில்லை! பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கின பிள்ளை. ராத்திரி எழுந்து எழுந்து உட்கார்ந்துகொள்வான். அவன் அம்மா கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய டேபிள் ஃபேன் ஒன்று, கடகடவென்று ஆடுகிறது, அதைத் தலைமாட்டில் போட்டுவிட்டாள். அப்புறம் தூங்கினான்.

அந்த மாசம் அவள் பிசிறு வெட்டுகிற வேலைக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் சோறு போட வீட்டில் ஆள் இருந்தது, அப்பா இருந்தார். குழம்பு எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் எந்தப் பரீட்சை என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. கம்பெனியிலிருந்து போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் நான் சொன்ன காலண்டர் எதற்கு என்று இப்போது புரிகிறதா? அந்த வீட்டுக்காரர் நல்ல மனுஷன். பழக்கம்தான் இல்லை. நெருக்கடி வந்த பிறகு பழக்க முடியாது.

பணத்துக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வை, தறிப் பணம் புரளுகிற கணக்கில் வேண்டாம். சனிக்கிழமைக் கூலி வந்ததும் அதில் சின்னதாக ஒரு தொகை போகட்டும், தீபாவளி சமயத்தில் கொஞ்சம் பெரிசாக. செல்வமகள் சேமிப்புத் திட்டம் நல்லதுதான், போஸ்ட் ஆபீஸில் போட்டு வை. ஆனால் அந்தப் பணம் பாப்பா பத்தாவது முடிக்கிற வரைக்கும், இல்லை பதினெட்டு வயசு ஆகிற வரைக்கும் கையில் வராது. ஜூன் மாசத்து நோட்டுக்கும் குடைக்கும் அது உதவாது. நோட்டு வாங்குவதற்காக வாரக் குழுவில் கடன் வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை தவணைக்காரர் வாசலில் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டாலே வீட்டில் எல்லாருக்கும் முகம் மாறும், பிள்ளைக்கும் மாறும்.

சத்தம் என்றதும் ஒன்று. பாப்பா வகுப்பில் ரொம்பக் கத்திப் பேசுகிறாள் என்று டீச்சர் உன்னைக் கூப்பிட்டுச் சொல்வார். தறி வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் வருகிற புகார் இது. அடக்கம் இல்லை என்று அவளைத் திட்டாதே. தறி ஓடுகிற குடோனில் சத்தம் 90 டெசிபலுக்கு மேல் இருக்கும், அதற்கு மேலே குரல் எழுப்பினால்தான் அம்மாவுக்குக் கேட்கும் என்று அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்தக் காலத்தில் குடோனுக்குள்ளேயே தூளி கட்டிப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு நெய்வார்கள். அது வேண்டாம். சத்தமும் ஆகாது, பஞ்சுத் தூசியும் ஆகாது. பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது காதையும் பார்க்கச் சொல். டி.வி.யை ரொம்பச் சத்தமாக வைக்கிறாள், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் குழு வருகிற வரைக்கும் காத்திருக்காதே, நீயே கூட்டிப் போ.

வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்துக்கும் விரல் வைக்க வேண்டியதில்லை. நல்ல தறிக்காரர் எட்டுத் தறிக்கும் முன்னால் நின்று பார்த்துக்கொண்டா இருக்கிறார்? நடுவில் நடந்துகொண்டே இருப்பார், ஒரு தறியின் சத்தம் மாறினால் மட்டும் போவார். பாப்பா வாய்விட்டுப் படிக்கட்டும், நீ வெங்காயம் உரி. எங்கே தடுமாறுகிறாள் என்று காதுக்கே தெரியும், அப்போது போ. நாலாம் வகுப்பு வந்த பிறகு சில நாள் வாய்விட்டே படிக்க மாட்டாள், பேச்சும் குறையும். அந்தச் சத்த மாற்றத்தையும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். சாயங்காலம் டீக்குத் தறி நிறுத்துகிற பத்து நிமிஷத்தில் வாசலில் உட்கார்ந்து அவளோடு பேசு. மெதுவாகப் பேசினாலும் கேட்கும் என்று அவளுக்குத் தெரிய அந்தப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. நீ கம்பெனியிலிருந்து வர நேரமானால் அந்தப் பத்து நிமிஷம் அப்பாவுடையது.

வருஷம் எப்படிப் போகும் என்று கேட்டாய். ஜூன், ஜூலை அழுகையும் சளியுமாகப் போகும். ஆகஸ்டில் குடற்புழு மாத்திரை கொடுப்பார்கள், காலையில் சாப்பிட வைத்து அனுப்பு. செப்டம்பரில் காலாண்டு. அதற்கு அப்புறம் வருகிற ஆயுத பூஜைதான் எனக்கு வருஷத்திலேயே பிடித்த நாள். தறியைத் துடைத்து, பஞ்சு தட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் படைப்போம். அதே படையலில் நாடாவுக்குப் பக்கத்தில் பாப்பாவின் புத்தகத்தையும் வைப்பார்கள். தறியும் பள்ளிக்கூடமும் ஒரே பாயில் உட்காருகிற நாள் அது ஒன்றுதான். உன் மாமனாரிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் அன்றைக்குக் கேள், மறுக்க மாட்டார்.

தீபாவளி, அரையாண்டு, பொங்கல் எல்லாம் தானாக ஓடிவிடும். இடிக்கிற இடம் பங்குனி, சித்திரை. முழு ஆண்டுப் பரீட்சையும் மாரியம்மன் நோம்பியும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும். கம்பம் நட்டுவிட்டால் ஊரே இரவில் விழித்திருக்கும். விருந்தாடிகள் வந்து இறங்குவார்கள், மாவிளக்குக்கு மாவு இடிக்க வேண்டும், சொந்தக்காரப் பிள்ளைகள் கம்பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்க உன் பிள்ளை மட்டும் கணக்குப் போட வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? ஒன்றாம் வகுப்புப் பரீட்சைக்காக அவளை வீட்டில் பூட்டாதே. நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. தெரிந்த எழுத்து தெரிந்ததுதான், ஒரு நாள் தூங்காததால் மறந்துவிடாது. பத்தாம் வகுப்பு வருகிற வருஷம் வேறு. அந்த வருஷம் விருந்தாடிகளை உன் நங்கை வீட்டில் தங்கவைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதையும் நீ தனியாகச் சொல்லி எல்லாருக்கும் பொல்லாதவள் ஆக வேண்டாம், மாப்பிள்ளை வாயால் வரட்டும்.

இன்னொன்று. பாப்பாவின் வகுப்பில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த அம்மாக்களுக்குப் பள்ளியிலிருந்து வருகிற சீட்டைப் படிக்கத் தெரியாது, பிள்ளைகள்தான் தமிழில் படித்துச் சொல்லும். நாளைக்கு லீவு, நாளைக்கு ஊசி என்று நீ வாசலில் பார்க்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடு. ஒரே குடோனில் அவர்கள் வீட்டு ஆண்கள் ராத்திரி ஷிப்ட், நம் ஆண்கள் பகல் ஷிப்ட். பெண்களுக்குத்தான் பழக்கமில்லாமல் இருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். தலைவர் பொறுப்பு பிள்ளை படிக்கும் ஓர் அம்மாவுக்குத்தான். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, வாசலில் லாரி வேகமாகப் போகிறது, டீச்சர் இடம் காலி என்றால் கேட்க வேண்டிய இடம் அது. நான் இருந்திருக்கிறேன். கூட்டத்துக்கு வருவது எல்லாம் பெண்கள், பேச வந்தால் மட்டும் "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றனுங்க" என்பார்கள். நீ படித்தவள், கணக்கு எழுதுகிறவள். போய் உட்கார், தெரிந்ததைப் பேசு. மாப்பிள்ளையை அழைத்துப் போக வேண்டிய இடம் அதுவல்ல, பெற்றோர் கூட்டம். அதற்கு அவர் தனியாகவும் போகப் பழகட்டும். டீச்சர் சொன்னதை வந்து உனக்குச் சொல்லட்டும். முதல் தடவை "நல்லாப் படிக்குதாம்" என்று ரெண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். சண்டைக்குப் போகாமல் இன்னும் நாலு கேள்வி கேள். அடுத்த தடவை அந்த நாலையும் கேட்டுக்கொண்டு வருவார்.

இனி வேலை. விடாதே.

உன் மாமியார் சொல்கிறபடி பார்த்தால், நீ வீட்டில் இருந்தால் பாப்பாவும் நன்றாகப் படிப்பாள், தார் சுற்றவும் ஓர் ஆள் ஆச்சு. அவர் கெட்டதாகச் சொல்லவில்லை, அவர் காலத்தில் அப்படித்தான் நடந்தது. ஆனால் உன் சம்பளம் மாசம் பிறந்தால் வருகிறது. தறி நின்ற நாளில் உன் வீட்டில் ஓடியது அந்தப் பணம்தான். பனியன் தொழிலும் பாறை மேல் நிற்கவில்லை என்பது உண்மை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர் இல்லாமல் கம்பெனிகள் தவித்ததை நீயே சொன்னாய். ஆனாலும் காடாத் துணியும் பனியனும் ஒரே வாரத்தில் சேர்ந்து படுப்பது அபூர்வம். ஒன்று நிற்கும்போது இன்னொன்று குடும்பத்தைத் தாங்கும். அதனால் ரெண்டும் இருக்கட்டும். நீ வேலையை விட்டால் காலண்டர் மறுபடியும் அடுப்படிக்கு வந்துவிடும் என்பது வேறு. சும்மாதானே இருக்கா, அவளே பாத்துக்குவா என்று ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் கம்பெனியில் உறுதியாகச் சொல்லிவிடு. ஒரு ஷிப்டோடு சாயங்காலம் கிளம்புவேன், ஒன்றரை ஷிப்ட் என்னால் ஆகாது என்று. ஷிப்மெண்ட் நேரத்தில் கெஞ்சுவார்கள், நாலு நாள் என்று தொடங்கி நாலு மாசம் ஆகிவிடும். பணம் கூடத்தான் வரும். இருந்தாலும் ஒன்றாம் வகுப்பு வருஷத்தில் வேண்டாம். வேலைக்குப் போக வர சாதாரண டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறு. 2021-லிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த மிச்சத்தையும் பள்ளிக்கூடக் கணக்கில் போடு. அந்தக் காசில் மாசம் ஒரு கதைப் புத்தகம் வரும்.

சேர்க்கைக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று, ரேஷன் கார்டு நகல், போட்டோ எல்லாம் ஒரு கவரில் போட்டு மாப்பிள்ளை கையில் கொடு. அன்றைக்கு அவர் போகட்டும், பீஸ் போடுகிற வேலையைக் கொழுந்தன் பார்ப்பான். படிவத்தில் செல்போன் எண் எழுதுகிற இடத்தில் ரெண்டு கட்டம் இருந்தால் முதல் கட்டத்தில் அவர் நம்பர், ரெண்டாவதில் உன்னுது. ஒரே கட்டம் இருந்தால் அவர் நம்பரே போதும். பாப்பாவுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் முதலில் அவர் எடுக்கட்டும். குடோனில் சத்தத்தில் கேட்காது என்பார். போனை வைப்ரேஷனில் போட்டுச் சட்டைப் பையில் வைக்கச் சொல். ஜவுளிக்காரர் கூப்பிட்டால் அப்படித்தானே எடுக்கிறார்.

அன்புடன்,
அத்தை